சாயப்பட்டறை ஈரத்தில் எந்த டச் டிஸ்ப்ளே தாங்கும்?

கேள்வி இதுதான்: திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை, நான்கு சாஃப்ட் ஃப்ளோ மெஷின். ஒவ்வொன்றின் மெயின் பேனல் கதவிலும் ஒரு 7 இன்ச் எச்எம்ஐ, அதாவது மெஷினை இயக்கும் டச் டிஸ்ப்ளே. இரண்டரை வருஷத்துக்குள் மூன்று போய்விட்டன. ஒன்றில் டச் எடுக்கவில்லை. இன்னொன்று மங்கிப்போய் எழுத்தே தெரியவில்லை. மூன்றாவது, மெயின் பம்ப் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் தானே அணைந்து மறுபடி வருகிறது. சப்ளையர் ‘ஐபி 69கே டிஸ்ப்ளே போடுங்கள், பிரச்சினையே வராது’ என்கிறார். ஐபி என்பது தூசியும் தண்ணீரும் புகாத தரத்தைக் குறிக்கும் எண். விலை இரண்டரை மடங்கு. வாங்கலாமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று கோளாறுக்கும் மூன்று வேறு காரணங்கள். அவற்றில் எதையும் ஐபி 69கே தீர்க்காது. செத்துப்போன மூன்றையும் ஸ்கிராப்பில் போட்டுவிடாமல் முதலில் மேஜைமேல் வைத்துத் திறந்து பாருங்கள். அடுத்து என்ன வாங்குவது என்பதை அவையே சொல்லிவிடும்.

திறந்து பார்க்கும்போது

டச் போனதிலிருந்து ஆரம்பிப்போம். பெரும்பாலும் அது நான்கு வயர் ரெசிஸ்டிவ் டச்சாக, அதாவது அழுத்தினால் இரண்டு படலம் ஒட்டி வேலை செய்யும் வகையாக, இருக்கும். திரையிலிருந்து வரும் மெல்லிய பட்டை ரிப்பன் கேபிளை போர்டிலிருந்து கழற்றி மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வையுங்கள். நான்கு முனையில் இரண்டிரண்டு ஒரு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் சில நூறு ஓம் காட்ட வேண்டும். ஒரு ஜோடி ஓப்பன் என்றால் ஃபிலிம் கிழிந்திருக்கிறது, அல்லது ஓரத்து வெள்ளிக்கோடு அரித்துப்போயிருக்கிறது. ஒரு ஜோடிக்கும் இன்னொன்றுக்கும் இடையே, யாரும் தொடாத நிலையில், மீட்டர் எதுவும் காட்டக்கூடாது. தொடாமலே சில கிலோ ஓம் காட்டினால் இரண்டு படலத்துக்கும் நடுவே ஈரம் இறங்கியிருக்கிறது, அல்லது மேல் ஃபிலிம் தொய்ந்து கீழே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓரம் அரித்திருந்தால் நீர் முன்பக்க ஃபிரேம் வழியாக வந்திருக்கும். நடுவில் ஒரே இடம் தேய்ந்திருந்தால் ஆப்பரேட்டர் கத்தரி முனையாலோ பேனாவாலோ ஒரே பட்டனைக் குத்தியிருக்கிறார்.

மங்கிப்போனதற்கு ஒரு டார்ச் போதும். கரண்ட் கொடுத்து, டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடியுங்கள். எழுத்து லேசாகத் தெரிந்தால் எல்சிடி நன்றாக இருக்கிறது, பின்னால் இருக்கும் எல்இடி பேக்லைட் ஓய்ந்துவிட்டது. இது கோளாறே இல்லை, ஆயுள் முடிந்தது, அவ்வளவுதான். விலை குறைந்த பேனல்களின் டேட்டா ஷீட்டில் பேக்லைட் ஆயுள் 20,000 மணி நேரம் என்று இருக்கும். அதுவும் 25 டிகிரி வெப்பத்தில், வெளிச்சம் பாதியாகக் குறையும்வரை. மூன்று ஷிஃப்டும் எரிந்தால் 20,000 மணி நேரம் என்பது 833 நாள், இரண்டே கால் வருஷம். உங்கள் பேனலுக்குள் 25 டிகிரி எந்த நாளிலும் இருந்திருக்காது.

பிறகு பின்பக்க மூடியைக் கழற்றி போர்டைப் பாருங்கள். பவர் கனெக்டர் பின்னிலும், மெஷினின் கண்ட்ரோலரான பிஎல்சியோடு பேசும் ஆர்எஸ் 485 கனெக்டர் பின்னிலும் பச்சைப் பூத்திருக்கிறதா? ஐசி கால்களுக்கு நடுவே வெள்ளைப் பொடி மாதிரி இருக்கிறதா? இருந்தால் ஆவி பின்பக்கமாகத்தான் வந்திருக்கிறது. இந்த ஒரு அடையாளத்துக்காகவே மூன்றையும் திறக்கச் சொல்கிறேன்.

ஐபி எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

ஐஇசி 60529 தரத்தின்படி முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 65இல் உள்ள 5 என்றால் 6.3 மி.மீ. முனை வழியாக நிமிஷத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சினாலும் உள்ளே பாதிப்பு வராது என்று அர்த்தம். 6 என்றால் 12.5 மி.மீ. முனை, நிமிஷத்துக்கு 100 லிட்டர். கடைசியில் வரும் 9 அல்லது 9கே என்பது 80 டிகிரி வெந்நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில், மிக அருகிலிருந்து அடிக்கும் சோதனை. பால் பண்ணையிலும் இறைச்சிக் கூடத்திலும் தினமும் அப்படிக் கழுவுகிறார்கள், அவர்களுக்கு அது வேண்டும். சாயப்பட்டறையில் தரையைக் கழுவும் ஹோஸ் எப்போதாவது திரைமேல் படும். அதற்கு 65 தாராளம், 66 இருந்தால் இன்னும் நிம்மதி.

கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. பேனலில் பதிக்கும் எச்எம்ஐகளுக்கு அந்த 65 முன்பக்கத்துக்கு மட்டும்தான். அதே டேட்டா ஷீட்டில் இரண்டு வரி தள்ளி ‘பின்பக்கம் ஐபி 20’ என்று இருக்கும். விரல் நுழையாது, அவ்வளவுதான். தண்ணீருக்கோ ஆவிக்கோ எந்தத் தடுப்பும் கிடையாது. தவிர, ஐபி சோதனை சாதாரணத் தண்ணீரில் நடப்பது. உப்புத் தண்ணீர், அசிட்டிக் ஆசிட் ஆவி, ஹைட்ரோஸ் டப்பாவைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் கந்தகக் காற்று, இவற்றைப் பற்றி அந்த எண் ஒரு வார்த்தையும் சொல்லாது. அதற்குக் கேட்க வேண்டியது வேறு: போர்டுக்கு கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் படாமல் பூசும் மெல்லிய படலம்) உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். அரிக்கும் வாயுவுக்கு ஐஎஸ்ஏ 71.04 தரத்தில் ஜி3 (கடுமையான அரிப்பு) வரை சோதித்த மாடல் என்று டேட்டா ஷீட்டே சொன்னால் நல்லது. பல பெரிய நிறுவனங்களிடம் ஒரே டிஸ்ப்ளே கோட்டிங் உள்ளது, இல்லாதது என்று இரண்டு பார்ட் நம்பரில் கிடைக்கும். சப்ளையரிடம் கேட்காவிட்டால் வருவது கோட்டிங் இல்லாததுதான்.

டிஸ்ப்ளேயைக் கொல்வது பேனலுக்குள் இருக்கும் சூடு

மெயின் பேனல் கதவில் எச்எம்ஐ போடுவது பழக்கம். வயரிங் சுலபம், பார்க்கவும் அழகு. ஆனால் அதே பேனலுக்குள் பம்ப்புக்கு 11 கிலோவாட் டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) இருக்கிறது. டிரைவ் தான் எடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய 3 சதவீதத்தைச் சூடாக விடும், அதாவது 300 வாட்டுக்கு மேல். சுவரில் மாட்டிய 800 × 600 × 250 மி.மீ. ஷீட் பேனல் ஒன்றை மூடி வைத்தால், வெப்பத்தை வெளியே விட அதற்குக் கிடைக்கும் பரப்பு சுமார் 1.25 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் ஷீட், ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 5.5 வாட் கடத்தும். கணக்குப் போடுங்கள்: உள்ளே வெறும் 100 வாட் இருந்தாலே 15 டிகிரி ஏறும். மே மாதம் மெஷின் ஓரம் 42 டிகிரி என்றால் உள்ளே 57. பெரும்பாலான எச்எம்ஐகளுக்கு 50 டிகிரிதான் உச்ச வரம்பு. அதுவும் நேராக, நிமிர்ந்து மாட்டினால் மட்டும். சாய்த்து மாட்டினாலோ, நெட்டு வாக்கில் திருப்பினாலோ 40 டிகிரிக்குக் குறைத்துவிடுவார்கள். அந்த வரி சின்ன எழுத்தில் இருக்கும்.

300 வாட்டை மூடி வைக்க முடியாது என்பதால் ஃபேன் போடுகிறோம். ஃபேன் போட்டால் ஈரமும் ஆசிட் ஆவியும் உள்ளே வருகின்றன. பனியன் துணியின் பஞ்சு இரண்டே வாரத்தில் ஃபில்டரை அடைத்துவிடும். எலக்ட்ரீஷியன் வேறு வழியில்லாமல் ஃபில்டரையே கழற்றி விடுவார். போர்டில் பூத்த பச்சை இப்படி வந்ததுதான். அந்தப் பேனலில் அதே கதவில் நீங்கள் எவ்வளவு விலை கொடுத்து எதை மாட்டினாலும் முடிவு அதேதான்.

வழி எளிது: டிஸ்ப்ளேயை டிரைவ் பேனலிலிருந்து பிரித்து விடுங்கள். எச்எம்ஐ எடுப்பது 10 வாட்தான், அதற்கு ஃபேனே தேவையில்லை. எஸ்எஸ் 304 தகட்டில் 400 × 300 × 200 மி.மீ. அளவில் ஒரு பெட்டி, மூடினால் முழுதும் அடைபடும்படி. இந்த அளவில் உள்ளே ஏறும் சூடு 6 டிகிரிக்குள் அடங்கும். இடம் மிச்சம் என்று 300 × 250 × 150 வாங்கினால் 7 டிகிரியைத் தாண்டும், 42 டிகிரி நாளில் வரம்பில் போய் நிற்பீர்கள். 24 வோல்ட் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸை இந்தப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், அது மெயின் பேனலிலேயே இருக்கட்டும்.

பெட்டியின் மேல்பக்கம் முன்னோக்கிச் சரிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் மேலே தேங்கி, கேஸ்கெட் ஓரத்தில் வழியும். கேபிள் கீழ்ப்பக்கத்திலிருந்துதான் ஏற வேண்டும். கிளாண்டுக்குச் சற்று முன்னால் கேபிளை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டுக் கொண்டுபோங்கள், கேபிளோடு ஓடிவரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். பயன்படுத்தாத ஓட்டைக்குப் பிளக் போடுங்கள். பெட்டி மெஷின் மூடிக்கு நேர் எதிரே வேண்டாம். மூடி திறக்கும்போது எழும் ஆவி எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு லோடு இறக்கும் நேரத்தில் நின்று பார்த்துவிட்டு இடம் குறியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பற்றியும் ஒரு வார்த்தை. லீவு நாளில் மெயினை அணைத்தால் பெட்டி குளிர்ந்து, உள்ளே இருக்கும் ஈரக் காற்று போர்டின்மேலேயே பனித்து நிற்கும். திங்கள் காலை ஸ்விட்ச் போட்டதும் செத்துப்போகும் டிஸ்ப்ளேக்களில் பல இப்படிப் போனவை. எச்எம்ஐக்கு மட்டும் தனி எம்சிபி வைத்து, லீவிலும் ஓடவிடுங்கள், திரை வெளிச்சம் அணைந்திருக்கட்டும். அது எடுக்கும் சில வாட் சூடே பெட்டியை உலர்ந்த நிலையில் வைக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் சில நாளிலேயே நிறைந்துவிடும், அதை நம்ப வேண்டாம்.

ரெசிஸ்டிவா, கெப்பாசிட்டிவா

கடையில் இன்று காட்டுவதெல்லாம் கெப்பாசிட்டிவ், செல்போன் மாதிரி. முன்னால் கண்ணாடி, கீறல் விழாது, துடைத்தால் பளிச்சென்று இருக்கும். உலர்ந்த இடத்தில், உதாரணமாகப் பேக்கிங் மெஷினிலோ சிஎன்சியிலோ, அதைத்தான் வாங்கச் சொல்வேன். சாய மெஷின் பக்கத்தில் மட்டும் யோசிக்க வேண்டும். ஆவி பட்டுத் திரையில் நீர்த்துளி உருண்டால் அதையும் விரலாகப் படிக்கும் மாடல்கள் உண்டு. டோசிங் பட்டன்மேல் ஒரு துளி நின்றால் என்ன ஆகும் என்று சாயம் போடுகிறவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தடித்த ரப்பர் கையுறையும் எல்லா மாடலுக்கும் ஒத்துவராது. நீர் நீக்கும் வசதியும் கையுறை மோடும் உள்ள கெப்பாசிட்டிவ் மாடல்கள் இருக்கின்றன. வாங்கும் முன் உங்கள் பட்டறைக் கையுறையையும் ஒரு பாட்டில் உப்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டுபோய்ச் சோதியுங்கள். குழாய்த் தண்ணீரில் நன்றாக இருந்தது உப்புத் தண்ணீரில் தடுமாறலாம், உப்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

ரெசிஸ்டிவ் அழுத்தத்தில் வேலை செய்வதால் நீர்த்துளியை விரலென்று படிக்காது. எந்தக் கையுறையும் சரி. ஆனால் அதன் மேல் படலம் பாலியெஸ்டர். பாலியெஸ்டர் துணிக்குக் காஸ்டிக்கில் வெயிட் ரிடக்‌ஷன் செய்து எடை குறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். சூடான காஸ்டிக் துணியை எப்படித் தின்னுமோ அப்படியே டச் ஃபிலிமையும் தின்னும். மெதுவாக நடக்கும், ஆனால் நிச்சயம் நடக்கும். அதனால் ரெசிஸ்டிவ் வாங்கினால் ஒட்டிக் கழற்றும் பாதுகாப்பு ஃபிலிமையும் பத்துப் பன்னிரண்டு சேர்த்து வாங்குங்கள். மங்கினால் ஃபிலிமை மாற்றினால் போதும். காஸ்டிக் தெறித்தால் உடனே ஈரத்துணியில் துடைக்கச் சொல்லுங்கள். தின்னர், மண்ணெண்ணெய் எதுவும் திரைக்குக் கிட்டேயே வரக்கூடாது.

ரெசிஸ்டிவிலும் நான்கு வயர், ஐந்து வயர் என்று உண்டு. நான்கு வயரில் அளவெடுப்பது மேல் ஃபிலிமையும் நம்பித்தான். அது தேய்ந்தால் விரல் ஒரு இடம், திரை எடுப்பது இன்னொரு இடம் என்று ஆகிவிடும். ஐந்து வயரில் அளவு முழுதும் கீழே இருக்கும் கண்ணாடியில் நடக்கிறது, மேல் ஃபிலிம் வெறும் தொடு முனை. தேய்ந்தாலும் இடம் மாறாது. நான்கு வயருக்கு ஒரே இடத்தில் 10 லட்சம் அழுத்தம் என்று போட்டிருப்பார்கள், ஐந்து வயர் அதைப்போலப் பல மடங்கு தாங்கும். உங்கள் மெஷின்களுக்கு என் தேர்வு ஐந்து வயர் ரெசிஸ்டிவ்தான்.

ஆப்பரேட்டர் அடிக்கடி தொடுவது ஐந்தாறு பட்டன்தான்: ஸ்டார்ட், ஹோல்டு, அலாரம் நிறுத்து, அடுத்த ஸ்டெப். இவற்றை 22 மி.மீ. உலோக புஷ் பட்டனாகப் பெட்டியின் கீழ் ஓரத்தில் தனியே வைத்துவிட்டால் திரை தேய்வது பாதிக்குமேல் குறையும், ஈரக் கையோடும் வேலை நடக்கும். திரையில் வரும் பட்டனுக்கும் ஒரு அளவு உண்டு. 7 இன்ச், 800 × 480 திரையின் அகலம் 154 மி.மீ., ஒரு மில்லிமீட்டருக்கு 5 பிக்சல் சொச்சம். கையுறை விரலுக்கு 20 மி.மீ. பட்டன் வேண்டுமென்றால் 104 பிக்சல். புரோகிராம் எழுதுகிறவர் கம்ப்யூட்டர் மானிட்டரில் பார்த்து 60 பிக்சலில் வரைந்துவிட்டுப் போய்விடுவார். ஆப்பரேட்டர் பேனாவைக் கையில் எடுப்பதே அதனால்தான்.

வெளிச்சம்

கூரைக்குள் 300 முதல் 500 நிட் (திரை வெளிச்சத்தின் அளவு) போதும். பேக்லைட் ஆயுள் 50,000 மணி என்று போட்டதை எடுங்கள், இடைவிடாமல் எரிந்தாலும் ஐந்தரை வருஷத்துக்கு மேல். பத்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் வெளிச்சம் குறையும்படியும், அலாரம் வந்தால் தானே முழு வெளிச்சம் வரும்படியும் செட் பண்ணச் சொல்லுங்கள். இரண்டாவதை மறந்தால் ராத்திரி ஷிஃப்டில் அலாரம் தெரியாமல் போகும்.

கழிவுநீர் சுத்திகரிப்பு இருக்கும் இடம் வேறு கதை. ஆர்ஓ, எவாப்பரேட்டர் பக்கத்தில் டிஸ்ப்ளே வெயிலில் நிற்கும். அங்கே 1000 நிட் வேண்டும். கண்ணாடிக்கும் எல்சிடிக்கும் இடையே காற்று இல்லாமல் ஒட்டிய ஆப்டிகல் பாண்டிங் இருந்தால் பிரதிபலிப்பு குறையும், நடுவில் பனிக்கவும் இடமில்லை. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு தகரக் குடை போட்டு, திரையை வடக்குப் பார்த்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. உப்புக் கரைசல் தெறிக்கும் இடம் என்பதால் அங்கே பெட்டி எஸ்எஸ் 316.

தானே அணைந்து வருவது

மூன்றாவது டிஸ்ப்ளேக்குத் திரும்புவோம். அது அநேகமாக நல்ல நிலையில்தான் இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 24 வோல்ட் எச்எம்ஐ பொதுவாக 19.2 முதல் 28.8 வோல்ட்வரை தாங்கும். கீழே போனால் அணைந்து மறுபடி வரும். ஒரே எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 0.75 சதுர மி.மீ. வயர் 20 மீட்டர் ஓடி, மெஷினின் சோலினாய்டு வால்வுகளுக்கும் எச்எம்ஐக்கும் சேர்த்தே கரண்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 40 மீட்டர், ஏறக்குறைய 1 ஓம். ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் நாலைந்து வால்வு சேர்ந்து 5 ஆம்பியர் இழுத்தால் வயரிலேயே 5 வோல்ட் போய்விடும். எச்எம்ஐக்குக் கிடைப்பது 19.

இதுதான் காரணமா, இல்லை டிரைவ் கிளப்பும் நாய்ஸா (மின் இரைச்சல்) என்று கண்டுபிடிக்க ஒரு மலிவான சோதனை. சார்ஜ் ஏற்றிய இரண்டு 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியை சீரிஸில் சேர்த்து, 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக எச்எம்ஐக்கு மட்டும் கொடுங்கள். சார்ஜர் இணைத்திருக்கக் கூடாது. ஒரு ஷிஃப்ட் ஓட்டுங்கள். அணைவது நின்றுவிட்டால் பவர் சப்ளைதான் காரணம். நிற்காவிட்டால் அடுத்து பிஎல்சிக்குப் போகும் கேபிளைப் பிடுங்கிவிட்டு, கையில் மெஷினை ஓட்டிப் பாருங்கள். அப்போது நின்றால் நாய்ஸ் அந்தக் கேபிள் வழியாக வருகிறது. இரண்டிலும் நிற்காவிட்டால் எர்த்தைப் பாருங்கள்.

பவர் என்றால்: எச்எம்ஐக்கும் பிஎல்சிக்கும் தனியாக 24 வோல்ட் 2.5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் ஒன்று, வால்வுகளுக்கு வேறொன்று. ஒவ்வொரு டிசி காயிலுக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை ப்ளஸ் பக்கம். ஏசி காயில் என்றால் டயோடு கூடாது, ஆர்சி ஸ்னப்பர்.

எர்த் என்றால்: எச்எம்ஐயின் எர்த் முனையிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர், முடிந்தவரை நீளம் குறைத்து, எர்த் பாருக்கு. கதவுக் கீலை எர்த்தென்று நம்பாதீர்கள். பெயின்டும் துருவும் நடுவில் இருக்கும், பின்னல் செம்புப் பட்டை ஒன்று போடுங்கள். டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளும் எச்எம்ஐ கேபிளும் ஒரே டிரேயில் ஒட்டி ஓடக்கூடாது. 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும், குறுக்கே கடக்க வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

ஆர்எஸ் 485 ஓடினால் ஷீல்டு போட்ட முறுக்கு ஜோடி, இரண்டு கடைசி முனையிலும் 120 ஓம், நடுவில் கிளை பிரிக்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடராக. எச்எம்ஐயும் பிஎல்சியும் வேறு வேறு எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்தால் இரண்டின் ஜீரோ வோல்ட்டையும் சேர்க்க மூன்றாவது வயர் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் போர்ட்டே எரிந்துபோகும். புதிதாக வாங்குவதால் ஈதர்நெட் உள்ளதையே எடுக்கச் சொல்வேன். அதன் போர்ட்டிலேயே சிறு டிரான்ஸ்ஃபார்மர் தனிமைப்படுத்தல் இருப்பதால் இந்த ஜீரோ வோல்ட் தொல்லை இல்லை. 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும், அந்தக் கேபிள் முனை பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும், வெளியே ஈரத்தில் அல்ல.

மாட்டும்போது கெடுவது

7 இன்ச் என்பதால் பழைய ஓட்டையிலேயே புதியது உட்காரும் என்று நினைக்காதீர்கள். வெயின்டெக்கின் பல 7 இன்ச் மாடலுக்கு 192 × 138 மி.மீ., சீமென்ஸ் கேடிபி 700க்கு 197 × 141. ஐந்து மில்லிமீட்டர் பெரிய ஓட்டையில் சிறியதை சிலிக்கான் அப்பி ஒட்டிவிட்டால் 65 என்பது காகிதத்தில் மட்டும்தான். தகடு 2 மி.மீ.க்குக் குறையாமல், வளையாமல் இருக்க வேண்டும். வெட்டிய ஓரத்தில் பவுடர் கோட்டிங் கட்டி நின்றால் அரத்தால் தேய்த்துச் சமமாக்குங்கள், கேஸ்கெட் அந்த மேட்டில்தான் விட்டுக்கொடுக்கும். பிடிப்பு ஸ்க்ரூவை 0.2 முதல் 0.5 நியூட்டன் மீட்டருக்குள்தான் முறுக்கச் சொல்வார்கள். விரல் நுனியில் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்து முறுக்கினாலே வரும் அளவு அது. பலம் கொடுத்து முறுக்கினால் பிளாஸ்டிக் ஃபிரேம் வளைந்து, இரண்டு ஸ்க்ரூவுக்கு நடுவே கேஸ்கெட் வாய் திறக்கும். எதிரெதிர் மூலையாக இரண்டு சுற்றில் முறுக்குங்கள். பெட்டிக் கதவின் கேஸ்கெட் ஈபிடிஎம் ரப்பராக இருக்கட்டும், ஆவிக்கும் காஸ்டிக்குக்கும் நன்றாகத் தாங்கும். எண்ணெய்க்குத்தான் ஆகாது.

முன்பக்கம் யூஎஸ்பி வாய் உள்ள மாடல் வேண்டாம். அதன் ரப்பர் மூடி ஒரு மாதத்தில் காணாமல் போகும்.

தமிழ் எழுத்து, ரெசிப்பி, மூல ஃபைல்

ஆப்பரேட்டருக்குத் தமிழில் வேண்டும், ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களுக்கு இந்தி வேண்டும். மொழி மாற்றும் வசதி எல்லா எச்எம்ஐயிலும் இருக்கிறது என்பார்கள். ஆனால் யூனிகோட் எழுத்தைக் காட்டுவது வேறு, கொம்பும் காலும் சரியான இடத்தில் சேர்த்துக் காட்டுவது வேறு. பல மாடல்களில் ‘கொதிநிலை’ என்று அடித்தால் ககரத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். கம்ப்யூட்டரில் சிமுலேஷன் சரியாகத் தெரியும், டிஸ்ப்ளேயில் போட்டால் சிதறும். வாங்கும் முன் ‘கொதிநிலை, மேல் மூடி, சோப்பிங், ஸ்டெப்’ என்று நான்கு சொல்லை நிஜ டிஸ்ப்ளேயில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். சிதறினால் மாறாத எழுத்துகளையெல்லாம் படமாகச் செய்து வைக்கலாம், எண் மட்டும் நேரடியாக வரட்டும்.

ரெசிப்பி டிஸ்ப்ளேக்குள் இருந்தால் டிஸ்ப்ளே போகும்போது ஷேடும் போகும். ஓடிக்கொண்டிருக்கும் ரெசிப்பி பிஎல்சியின், கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்க வேண்டும், எச்எம்ஐ அதைக் காட்டும் கண்ணாடி மட்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பாஸ்வேர்டு இல்லாத மூல புரோஜெக்ட் ஃபைல், அதை உருவாக்கிய சாஃப்ட்வேரின் வெர்ஷன் எண்ணோடு, பென் டிரைவில் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதைக் கொடுத்த பிறகே கடைசித் தவணைப் பணம் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள். அது இல்லாவிட்டால் டிஸ்ப்ளே போகும் நாளில் புரோகிராமையே முதலிலிருந்து எழுத வேண்டும், மெஷின் நிற்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எமர்ஜென்சி ஸ்டாப் திரையில் இருக்கவே கூடாது. மஞ்சள் பின்னணியில் சிவப்புக் குமிழ் பட்டன், நேராக வயரில் கான்டாக்டரை வெட்ட வேண்டும். அதேபோல பாலியெஸ்டருக்கு 130 டிகிரிக்கு மேல் போகும் மெஷினில் மூடிப் பூட்டு எச்எம்ஐயின் ‘மூடி திற’ பட்டனை நம்பி இருக்கக்கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை மூடியைத் திறக்க விடாத மெக்கானிக்கல் பூட்டும், வயரில் இணைத்த பிரஷர் சுவிட்சும் தனியே வேண்டும். டிஸ்ப்ளே உறைந்து பழைய வெப்பநிலையையே காட்டிக்கொண்டிருக்கும் நேரம் வரும். அப்போது மூடிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பார்.

சப்ளையருக்கு எழுத வேண்டியது

நான்கு மெஷினுக்கும் ஒரே மாடல்: 7 இன்ச், ஐந்து வயர் ரெசிஸ்டிவ், முன்பக்கம் ஐபி 65 அல்லது 66, 0 முதல் 50 டிகிரி, பேக்லைட் 50,000 மணி, போர்டில் கன்ஃபார்மல் கோட்டிங், ஒரு ஈதர்நெட், ஒரு தனிமைப்படுத்திய ஆர்எஸ் 485, முன்பக்க யூஎஸ்பி இல்லாதது. ஐந்தாவதாக ஒன்று, புரோகிராம் ஏற்றி, மேலே மெஷின் எண் மாற்றும் வழியை ஒட்டி, ஆபீஸ் அலமாரியில். சப்ளையர் சொன்ன விலையில் ஒன்றுக்கு ஆகும் இரண்டரை மடங்குப் பணத்தில் டிஸ்ப்ளே, எஸ்எஸ் பெட்டி, தனி எஸ்எம்பிஎஸ், அலமாரி டிஸ்ப்ளேயின் பங்கு எல்லாம் அடங்குமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வந்ததும் பில்லில் கையெழுத்துப் போடும் முன், பெட்டியில் மாட்டிய நிலையில் உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரை ஒட்டி வைத்து, தரை கழுவும் ஹோஸால் மூன்று மீட்டர் தள்ளி நின்று மூன்று நிமிஷம் அடியுங்கள். வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுத் திறந்து பேப்பரைத் தொட்டுப் பாருங்கள். பிறகு கரண்ட் கொடுத்து, மெயின் பம்ப்பைப் பத்துத் தடவை ஸ்டார்ட் செய்து நிறுத்துங்கள். மதியம் இரண்டு மணிக்கு, மெஷின் ஓடும்போது, பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர் வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் படியுங்கள். 48 டிகிரிக்குக் கீழே இருந்தால் சரி. தாண்டினால் பெட்டியை ஆவியிலிருந்து இன்னும் ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள்.